சுவரைப் பார்த்துச் சொன்ன பாட்டு

நல்ல செய்தி வந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. யார் சொன்னது என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. மெட்டுக்காரரின் மனைவி இரண்டாவது ரகம். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவர் 'நல்லாத் தெரியுது' என்று சத்தியமே செய்தாலும் நம்பாமல், கடைசி வரியைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பது அங்கே வழக்கம். அதனால், "நம்ம பாட்டுக்கு விருதாம், இப்பத்தான் போன் வந்துச்சு" என்று கணவர் வந்து நின்றதும் அவள் முகம் மலரவில்லை.

"ஓடிபி ஏதாவது கேட்டாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. வாழ்த்துகள்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."

"ஒண்ணுமே கேக்காம வச்சிட்டாங்களா? அப்ப பெரிய இடமாத்தான் இருக்கும். ஜாக்கிரதையா இருங்க."

மெட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. அவர் இசையமைத்தது ஒரே ஒரு படம். அது வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. படத்தைப் பார்த்தவர்களைவிட அதில் வேலை பார்த்தவர்கள் அதிகம் என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அதிலிருந்த ஒரு பாட்டு மட்டும் படத்தைக் கைகழுவிவிட்டுத் தனியாகப் பிழைத்துக்கொண்டது. பேருந்தில் ஓடியது, மின்தூக்கியில் ஓடியது, பல் பிடுங்குகிற டாக்டரின் வெளி அறையில்கூட ஓடியது. காதலர்கள் அதைக் காதல் பாட்டு என்றார்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியவர்கள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெட்டுக்காரருக்கு மட்டும் அதற்கப்புறம் படமே வரவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டு பிறந்த கதை சபையில் சொல்லக்கூடியதல்ல. ஒரு சமயம் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு நின்றுபோனது. எதற்கு என்று இப்போது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. ஞாபகமிருந்தாலும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். கோபம் வந்தால் கணவரோடு பேச மாட்டாள், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரோடு பேசுவாள். 'பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வர்றவங்க வாங்கிட்டு வரலாம்' என்று சுவருக்குத் தகவல் போகும். சுவருக்குப் பதிலாக மெட்டுக்காரர் போய் வாங்கி வருவார். அன்றைக்கும் அப்படித்தான். இயக்குநர் கேட்ட காதல் பாட்டு வராமல் அவர் உள்ளறையில் கீபோர்டின் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வெளியே அவள் தட்டை மூடிவிட்டுச் சுவரிடம் சொன்னாள்:

"மூடி வச்சிருக்கு. ஆறிப் போறதுக்குள்ள வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கலாம்."

அதில் கோபம் இருந்தது. பாவம், பசிக்குமே என்ற கவலையும் இருந்தது. முதல் பாதியில் ஏறிய குரல் 'வேணுங்கறவங்க' என்ற இடத்தில் ஒரு கணம் தடுமாறி, கடைசியில் வெடுக்கென்று நின்றது. அந்த ஏற்ற இறக்கத்தை அவர் விரல்கள் அப்படியே பிடித்துக்கொண்டன. பாட்டாசிரியர் வந்து வரிகள் எழுதும்வரை மெட்டைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது வார்த்தை வேண்டும். எல்லா மெட்டுக்காரர்களும் வாய்க்கு வந்ததைப் போட்டு வைப்பார்கள். இவர் மனைவியின் வாய்க்கு வந்ததைப் போட்டு வைத்தார். பாட்டாசிரியர் வந்தார், கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மேல நான் என்னத்தை எழுதறது? என் பேரைப் போட்டுடாதீங்க, வெக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தயாரிப்பாளருக்கு இந்த இடத்தில்தான் பயம் பிடித்தது. மனைவி பெயரைப் போட்டால் நாளைக்கு உரிமை என்று வந்து நிற்பாளோ என்று நினைத்தார். படத்தில் பெயர் போடும் இடத்தில் 'பாடல், மெட்டு: மரபு' என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். தியேட்டரில் அதை யாரும் கவனிக்கவில்லை. மெட்டுக்காரரின் மனைவி கவனித்தாள். சின்ன எழுத்து அவள் கண்ணுக்குத் தப்பாது.

"இது யாருங்க மரபு?"

"அது சும்மா ஒரு மரியாதைக்குப் போடறதும்மா."

"யாருக்கு மரியாதை?"

அன்றைக்கு அவர் பேச்சை மாற்றிவிட்டார். இப்போது விருது வந்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்து நின்றது. ஏனென்றால் கிடைத்திருக்கும் விருதின் பெயர் 'சிறந்த மரபுத் திரைப்பாடல்'. கொடுப்பது திரையிசை மரபுக் கழகம்.

கழகத்தின் கட்டடம் பெரியது. வாசலில் 'வெளி இசைக்கு அனுமதி இல்லை' என்று பலகை இருந்தது. காவலாளி பையைத் திறந்து பார்த்தார், சட்டைப்பையைத் தடவினார், பிறகு டார்ச் விளக்கை எடுத்தார்.

"வாயைத் திறங்க."

"எதுக்குங்க?"

"உள்ள ஏதாவது மெட்டு இருக்கான்னு பார்க்கணும். ஒருத்தர் முணுமுணுத்துக்கிட்டே உள்ள போயிட்டாரு. அதை வெளியேத்த நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

மெட்டுக்காரர் வாயைத் திறந்தார். காவலாளி கடைவாய்ப் பல்வரை பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல்தான் உள்ளே விட்டார்.

கழகத்தின் செயலாளர் ஒல்லியான மனிதர். பக்கத்தில் ஆளில்லாவிட்டாலும் காதோடு காதாகத்தான் பேசினார். நடைவழியில் ஒரு கண்ணாடி அறைக்குள் நடுவர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் அபிப்பிராயம் தெரிந்துவிடுமாம்.

"பாட்டைக் கேக்கறாங்களா?" என்றார் மெட்டுக்காரர்.

செயலாளர் பதறிப்போனார். "என்ன வார்த்தை சொல்றீங்க! கேட்டா பிடிச்சுப்போயிடும். பிடிச்சுப்போனா நடுநிலை எங்க இருக்கு? இந்தக் கழகம் ஆரம்பிச்சதுலேருந்து எந்த நடுவர் மேலயும் பாட்டுக் கேட்டார்னு ஒரு புகார் வந்ததில்லை."

"அப்ப எப்படித் தேர்ந்தெடுப்பீங்க?"

"சந்தேகத்தை வச்சுத்தான். எந்தப் பாட்டு மேல யாருக்குமே சந்தேகம் வரலையோ, அதை முதல்ல தள்ளிடுவோம். யாரோ நல்லா உள்ளடி வேலை பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். மிச்சத்துல எதுக்குச் சொந்தக்காரங்கன்னு யாரும் இல்லையோ, அது ஜெயிக்கும். பின்னாடி தகராறு வராது பாருங்க."

தலைவரின் அறையில் இருந்தது அவர் ஒருவர்தான், இருந்தும் மேசைமேல் மைக் இருந்தது. இவர்கள் உள்ளே நுழைந்ததும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"மரபு என்பது யாது?" என்று கேட்டார். பதில் யாரிடமும் எதிர்பார்க்கவில்லை என்பது உடனே தெரிந்தது. "செய்தவன் இறந்திருக்க வேண்டும், அல்லது யாரென்று தெரியாமலாவது இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் உத்தமம். உட்காருங்கள்." பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சாதாரணக் குரலில் சொன்னார்: "நீங்க உயிரோட இருக்கீங்க. அது ஒரு சின்ன சிக்கல்."

"முன்னாடியும் இப்படி வந்திருக்குங்கய்யா" என்றார் செயலாளர்.

"அப்ப என்ன பண்ணினோம்?"

"கொஞ்ச நாள் காத்திருந்தோம்."

தலைவர் மெட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த வழி சரிப்படாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது.

"ஐயா, இதுல மரபெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் மெட்டுக்காரர். "என் வீட்டுக்காரி சொன்னா, நான் மெட்டுப் போட்டேன்."

"போட்டதாக நினைக்கிறீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்." தலைவர் மறுபடி மைக்கைப் பிடித்துக்கொண்டார். "செய்தவனுக்கு விருது கொடுத்தால் என்ன ஆகும், யோசியுங்கள். அவன் மறுபடியும் செய்வான். அவனைப் பார்த்து இன்னொருவன் செய்வான். வரிசையில் நிற்பார்கள், குறை சொல்வார்கள், உட்கார நாற்காலி கேட்பார்கள். ஆள் தெரியாதவனுக்குக் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு அடக்கம்! என் பதவிக்காலத்தில் ஒரு ஆள் தெரியாதவர்கூட என்னை எதிர்த்து வாக்களித்ததில்லை."

விஷயம் இதுதான். விருது பாட்டுக்கு, வாங்கிக்கொள்ளப்போவது ஆள் தெரியாத ஆதி கர்த்தா. மெட்டுக்காரருக்குக் 'கண்டெடுத்தவர்' என்ற பட்டம். அதற்கு அவர் மேடையில் நின்று, எல்லாரும் கேட்க, 'இது என்னுடையதல்ல, வேறு எவருடையதென்றும் நான் அறியேன்' என்று உறுதிமொழி சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மச்சான் உட்கார்ந்திருந்தார். மோட்டார் பம்பு விற்கிறவர். உறவுக்காரர்களில் ஒருவர் பெரிய ஆளானால் போதும், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிற நல்ல மனசு அவருக்கு.

"மாப்பிள்ளை, சும்மா சொல்லிட்டுப் போங்களேன்! வாய் வார்த்தைதானே? நான் கடையில எத்தனை பேருகிட்ட 'இந்தப் பம்பு ரிப்பேரே ஆகாது'ன்னு சொல்றேன்."

தயாரிப்பாளரும் தொலைபேசியில் வந்தார். படம் ஓடாமல் போனதிலிருந்து பேசாதவர். "தம்பி, கழகத்துல கொடுக்கறதை மரியாதையா வாங்கிக்கோ. அடுத்த படம் உனக்குத்தான். தகராறு பண்ணினேன்னா, தகராறு பிடிச்சவன்னு பேராயிடும். அப்புறம் ஒருத்தன் கூப்பிட மாட்டான்."

மெட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அண்ணனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அன்னைக்குச் சொன்னது?" என்றாள்.

"நீ சொன்னது நமக்குத் தெரியுமேம்மா. ஊருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? வேலை வருது இல்ல?"

"எனக்கு என் பேரு வேண்டாங்க. எவளோ ஒருத்தி, எவனோ ஒருத்தனுக்குச் சொன்னான்னு நீங்களே மேடை ஏறிச் சொல்லணுமா? நான் கோவப்பட்டது உங்க மேல. பசிக்குமேன்னு நெனச்சது உங்களுக்கு. அது எனக்கும் உங்களுக்கும் நடுவுல நடந்தது இல்லையா?"

அவர் காதில் அது பாதிதான் விழுந்தது. அடுத்த படத்தை நினைத்துக்கொண்டிருந்தார். அவள் டீக் குவளையை மேசையில் வைத்துவிட்டு, மேசைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

"டீ இருக்கு. குடிக்கறவங்க குடிக்கலாம்" என்றாள்.

மறுவாரம் கழகத்திலிருந்து உண்மை அறியும் குழு வந்தது. ஒரு ஆய்வறிஞர், அவரைக் கண்காணிக்க இன்னொருவர், அந்த இன்னொருவரைக் கண்காணிக்கச் செயலாளர். ஆய்வறிஞர் மெட்டுக்காரரின் மனைவியிடம் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினார்.

"இந்த வரியை நீங்க எங்க கேட்டீங்க?"

"கேக்கலை. சொன்னேன்."

"யார் சொல்லிக் கேட்டுச் சொன்னீங்க?"

"என் கோவம் சொல்லுச்சு. இவரு சாப்பிட வரலை, சோறு ஆறிப்போகுது. வேற என்ன சொல்லுவாங்க?"

ஆய்வறிஞர் பரிதாபமாகச் சிரித்தார். "நீங்க வேணும்னு பொய் சொல்றதா நான் சொல்லலைம்மா. ஒவ்வொரு வீட்லயும் ஒரு அம்மா தன் வாயால வந்ததுன்னுதான் சொல்லுவாங்க. மூலம் வேற எங்கயாவது இருக்கும். சொன்னப்ப எதிர்ல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லை. சுவத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆய்வறிஞர் மெல்ல நடந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், விரலால் சுண்ணாம்பைச் சுரண்டி முகர்ந்தார். 'சுவர் சொல்லி இவர் கேட்டாரா, இவர் சொல்லிச் சுவர் கேட்டதா' என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்து மாலைவரை பேசினார்கள். கடைசியில், சுவருக்கு உயிரில்லை, சுவர் உரிமை கேட்காது, ஆகவே சுவரே நம்பகமான சாட்சி என்று ஏகமனதாக முடிவானது. கிளம்புவதற்கு முன் சுவரில் ஓர் உலோகத் தகட்டை அறைந்தார்கள்: 'மரபுப் பாடல் கிடைத்த இடம். இச்சுவருக்கு வெள்ளையடிப்பதோ, ஆணி அடிப்பதோ, முன் அனுமதியின்றி இதனோடு பேசுவதோ கூடாது.' தகட்டை அறைந்ததே நாலு ஆணியால்தான்.

அதற்கப்புறம் அவள் ஃப்ரிட்ஜோடு பேச ஆரம்பித்தாள். சுவரோடு பேசியபோதாவது அந்தப் பக்கம் அவர் அறை இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரரின் குளியலறைதான். வீட்டில் தன்னை ஒரு பொருளாகக்கூட மதிக்கவில்லை என்று மெட்டுக்காரருக்கு வருத்தம். ஆனாலும் அவர் உறுதிமொழி ஒத்திகைக்குப் போய்வந்தார். போகாவிட்டால் படம் போய்விடுமே.

ஒத்திகை சுலபமாக இல்லை. "இது என்னுடையதல்ல" என்று அவர் சொன்னதும் பயிற்சி கொடுப்பவர் தலையை ஆட்டினார். "உங்க குரல்ல வருத்தம் தெரியுது. வருத்தப்பட்டா உங்களுடையதோன்னு சந்தேகம் வரும்." சிரித்துக்கொண்டே சொன்னால் கேலி செய்வதாகச் சந்தேகம் வந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் சொன்னபோது, ஏன் எதையும் காட்டவில்லை என்று சந்தேகம் வந்தது. கடைசியில் அவர் மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து சொன்னார். அது மட்டும் இயல்பாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

விழா நாள் வந்தது. மேடையின் நடுவில் சிவப்புத் துணி போர்த்திய பெரிய நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. ஆள் தெரியாத ஆதி கர்த்தாவுக்கானது. பக்கத்தில் ஒரு படச்சட்டம். உள்ளே படம் இல்லை. இரண்டு பக்கமும் காவலாளிகள் நின்றார்கள். யார் என்று தெரியாதவருக்கு யாரால் ஆபத்து வரும் என்று சொல்ல முடியாததால் காவல் கூடுதலாகவே இருந்தது. வரவேற்புரை சொன்னவர் காலி நாற்காலியைக் கும்பிட்டுவிட்டு, 'பல வேலைகளுக்கிடையில் வருகை தந்திருக்கும்' என்று ஆரம்பித்தார்.

மச்சான் தங்கையை எப்படியோ சமாதானம் பண்ணிக் கூட்டி வந்திருந்தார். 'கண்டெடுத்தவர் குடும்பம்' என்று எழுதியிருந்த வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். மெட்டுக்காரர் மேடைக்குப் போகிற வழியில் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தயங்கி நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்தாள்.

"சாப்பாடு மூடி வச்சுட்டு வந்திருக்கு" என்றாள் தூணிடம். "பாட்டுக்குச் சொந்தக்காரர் யாராவது இருந்தா வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். கண்டெடுத்தவங்களுக்கு இல்லை."

மெட்டுக்காரர் மேடையேறினார். முன்வரிசையில் தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விருது பெற்ற பாடலைப் பாடுவது விழாவின் வழக்கம். பாடல் தொடங்குமுன் செயலாளர் ஒரு தட்டில் பஞ்சு கொண்டுவந்தார். தலைவரும் நடுவர்களும் ஆளுக்கு இரண்டு உருண்டை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்கள். முடிவு அறிவித்த பிறகும் நடுநிலை தவறக் கூடாது என்பது கழகத்தின் கொள்கை. பிறகு கழகத்தின் பாடகர் குழு கை கட்டி நின்று, துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு பாடியது. 'மூடி வச்சிருக்கு' என்பதை மூன்று தடவை. 'எடுத்துக்கலாம்' என்பதை இழு இழு என்று இழுத்து, மேலே கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறக்கினார்கள்.

மெட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. தலைவர் கையசைத்தார். மெட்டுக்காரர் மைக்கின் முன் வந்து நின்றார். மாடிப்படி ஏறாமலே மூச்சு வாங்கியது.

"இது என்னுடைய…" என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு வரவில்லை. மறுபடி, "இது என்னுடைய…" என்றார். பிறகு பாடகர் குழுவின் பக்கம் திரும்பிவிட்டார்.

"அங்க இழுக்கக் கூடாதுங்க. அவ இழுக்கல. கோவத்துல இருக்கறவ எதுக்கு இழுப்பா? வெடுக்குன்னு நிறுத்தினா. நிறுத்திட்டு உள்ள போயிட்டா. போனவ கதவைச் சாத்தலை, ஒருக்களிச்சுத்தான் வச்சிருந்தா. அதுதாங்க பாட்டு."

சொன்னதோடு விட்டிருக்கலாம். பாடிக் காட்டினார். குரல் சுமார்தான், அவர் பாடகர் இல்லை. ஆனால் அது மின்தூக்கியில் கேட்ட பாட்டு, பேருந்தில் கேட்ட பாட்டு என்று அரங்கத்துக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சேர்ந்து பாடினார்கள். பிறகு அரங்கமே சேர்ந்துகொண்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை மட்டும் பார்த்துக்கொண்டு பாடினார். "இதை என் பொண்டாட்டி எனக்குச் சொன்னா. மெட்டு நான் போட்டது. வேற யாரும் இல்லை" என்று முடித்தார். காதில் பஞ்சு இருந்ததால், உறுதிமொழி நல்லபடியாக நிறைவேறியது என்று நினைத்துத் தலைவரும் நடுவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எல்லாம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மேடையில் பாடிப் பழக்கமில்லாத மெட்டுக்காரருக்கு எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

காவலாளிகள் பாய்ந்து வந்தார்கள். "எழுந்திருங்க! இது ஆள் தெரியாதவர் நாற்காலி."

"அந்த ஆள் நான்தாங்க."

"எப்படி நீங்களா இருக்க முடியும்? நீங்க அவரா இருந்தா, நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியக் கூடாதே. எங்களுக்குத் தெரியுதே!"

மெட்டுக்காரரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடைக்குப் பின்னால் விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு, ஆள் தெரியாத ஒருவரைப் போல ஆள்மாறாட்டம் செய்தது. தலைவர் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு மிகுந்த வேதனையோடு பேசினார்.

"உங்களை நம்பினோம். இந்தக் கழகத்தில் ஒருவரை நம்புவது எவ்வளவு பெரிய விதிமீறல் தெரியுமா? நீங்கள்தான் செய்தீர்கள் என்று நாங்கள் ஒப்புக்கொண்டால், நாளைக்கு மற்றப் பாட்டுகளையும் யாரோ செய்திருப்பார்கள் என்று ஆகிவிடும். பிறகு நாங்கள் எதற்கு?"

"அது எனக்கும் தெரியலைங்க" என்றார் மெட்டுக்காரர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னார்.

விருது நாற்காலிக்கே வழங்கப்பட்டது. கழகக் கட்டடத்தில் அதற்குத் தனி அறை ஒதுக்கினார்கள். கண்டெடுத்தவர் பட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனதால், தயாரிப்பாளர் தானாக முன்வந்து மேடையேறினார். பாட்டை முதலில் மரபு என்று கண்டவர் அவர்தானே. நெஞ்சில் கை வைத்து, "இது என்னுடையதல்ல" என்று கணீரென்று சொன்னார். அன்று மாலை அந்த மேடையில் கழகத்தார் கேட்ட ஒரே உண்மை அதுதான். அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். 'தகராறு பிடிச்சவர்' என்ற பெயர் சொன்னபடியே பரவியது.

மெட்டுக்காரர் தனியாக வீட்டுக்கு நடந்து வந்தார். மச்சான் தங்கையை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் கடை, வியாபாரம் என்று இருக்கிறது. வழியெல்லாம் மெட்டுக்காரருக்கு ஒரே சந்தேகம். படம் போனது உறுதி. போனதற்குப் பதிலாக வீட்டில் ஏதாவது மிச்சமிருக்குமா? தூணிடம் அவள் சொன்னது அவருக்குச் சொன்னதுதானா, இல்லை, அதுவும் தூணுக்கேதானா?

கதவு ஒருக்களித்திருந்தது. மேசையில் தட்டு மூடியிருந்தது. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜையும் பார்க்கவில்லை.

"குரல் சகிக்கலை" என்றாள் அவர் முகத்தைப் பார்த்து. "கை கழுவிட்டு வாங்க."

எத்தனையோ நாளுக்குப் பிறகு 'வாங்க' என்று நேராக வந்தது. மெட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. கை கழுவுகிற சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டார்.

கழகம் அவரை மறந்துவிடவில்லை. அவ்வப்போது செயலாளர் தொலைபேசியில் வருவார். குரல் இன்னும் ரகசியமாகவே இருக்கும்.

"சும்மாதாங்க கூப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கு? இருமல் ஏதாவது? உங்க விஷயத்தை நாங்க ஒரேயடியா தள்ளிடலை. சந்தர்ப்பம் அமைஞ்சா மறுபரிசீலனை பண்ணலாம்னு தலைவரே ஆசைப்படறாரு. காத்திருக்கறதுல எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

ஒருமுறை மனைவி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "அவருக்கு ஆயுசு கெட்டி. உங்க தலைவருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த கையோடு அடுப்படிக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, எத்தனை தடவை கூப்பிடறது? சூடா இருக்கறப்பவே வந்தா என்ன?"

மெட்டுக்காரரின் விரல்கள் தாமாகவே மேசைமேல் அசைந்தன. அந்தக் குரல் எங்கே ஏறி எங்கே தடுமாறி எங்கே நின்றது என்று கணக்காக விழுந்துவிட்டது. முதல் வரி நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் பக்கத்துச் சுவரில் அந்தத் தகடு அவர் கண்ணில் பட்டது.

சுவரை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சத்தம் காட்டாமல் எழுந்து சாப்பிடப் போனார்.